சவசவ அலைக்கு எந்த சர்ஃப் போர்டு? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடிப்படியில் சாத்தி வைத்திருக்கும், கடலலைமேல் நின்று சறுக்கும் பலகையைப் பார்த்து, "இது என்ன, இஸ்திரி போடுற மேசையா?" என்று கேட்டவர்கள்தான் முன்பெல்லாம் அதிகம். இப்போது காலேஜ் பையன்கள் வந்து, "அண்ணே, நானும் ஒண்ணு வாங்கணும், எது வாங்கட்டும்?" என்கிறார்கள். ஒரே பதிலை டீக்கடையிலும் போனிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் கோச் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ஃபர். எடை 72 கிலோ. எட்டு வருஷமாகக் கடலில் இறங்குகிறேன், அதில் முதல் வருஷம் வீண். ஏன் வீண் என்பதும் கீழே வருகிறது.

சவசவ அலை என்றால் என்ன?

சர்ஃபர்கள் 'மஷ்ஷி' என்று சொல்வதைத்தான் நான் சவசவ அலை என்கிறேன். எழும்பி, வளைந்து, 'சப்'பென்று அடிக்காமல், உச்சியில் கொஞ்சம் நுரை கட்டி, அப்படியே வழிந்து சரிந்துவிடும் அலை. பால் பொங்கி வழிவதைப் போல இருக்கும். இடுப்பு உயரம், மிஞ்சிப் போனால் மார்பு உயரம்.

ஏறக்குறைய தன் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை உடையத் தொடங்கும். அடித்தரை சட்டென்று மேடேறினால் அலை எழும்பி விழும். தரை மெல்ல மெல்லச் சரிந்து போகும் மணலாக இருந்தால் அலை வழியும். இதோடு கடலிலிருந்து கரைப்பக்கம் காற்றும் அடித்தால், உச்சியை முன்கூட்டியே தள்ளிவிட்டு இன்னும் சவசவ ஆக்கிவிடும்.

நம்மூர்க் கதை என்னவென்றால், தென்மேற்கிலிருந்து வரும் பேரலைகள் குமரிமுனையைச் சுற்றி வளைந்துதான் கூட்டப்புளி, உவரிப் பக்கம் வரவேண்டும். வளையும்போதே பலம் கரைந்துவிடும். கிழக்கே வங்கக்கடல் அலையை இலங்கை மறித்துக்கொள்கிறது. அலையின் சக்தி உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் பாதியானால் சக்தி கால்வாசிதான். ஆகையால் மேற்குக் கரையில் தலை உயரம் அடிக்கும் நாளில் நமக்கு இடுப்பு உயரம் வந்தால், கிடைக்கும் தள்ளு பாதி அல்ல, அதைவிட ரொம்பக் குறைவு. மிச்சத் தள்ளைப் பலகைதான் கொடுக்கவேண்டும்.

மணப்பாட்டில் நல்ல அலை வருமே?

வரும். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரியும்வரை மணப்பாடும் நம்ம திருநெல்வேலிதான், அந்த உரிமையில் சொல்கிறேன். 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணல்குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அலை அந்த முனையில் பட்டு, கரையோரமாகவே ஓடும். நல்ல நாளில் நீளமான சவாரி. ஆனால் அந்த நல்ல நாளை நம்பி ஒரு பலகை வாங்கினால், மீதி நாளெல்லாம் குன்றின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, ஒரே ஒரு போர்டு வாங்கக் காசு இருக்கிறது. எது?

60 முதல் 80 கிலோ எடையுள்ள ஆளுக்கு, ஓரளவு எழுந்து நிற்கத் தெரிந்திருந்தால், 7 அடி 2 அங்குலத்திலிருந்து 7 அடி 6 அங்குலத்துக்குள் ஒரு மிட்-லெங்த், அதாவது நடுத்தர நீளப் பலகை. அகலம் இருபத்தொன்றரை முதல் 22 அங்குலம், கனம் இரண்டே முக்கால் அங்குலம், கொள்ளளவு 46 முதல் 52 லிட்டர். உருண்டை மூக்கு, உருண்டை வால், தட்டையான அடிப்பாகம், வாலுக்கு அடியில், நடுவில் பெரிய ஃபின் (செட்டை) ஒன்று, பக்கத்துக்குச் சின்னதாக ஒவ்வொன்று.

இதையே ஏன் சொல்கிறேன் என்றால், இது எந்த நாளிலும் ஏமாற்றாது. இடுப்பு உயர அலையையும் பிடிக்கும். ஆனி ஆடியில் தோள் உயரம் வந்தாலும் திரும்பும். நீளமான லாங்போர்டு அளவுக்குச் சோம்பேறி அல்ல, குட்டையான ஷார்ட்போர்டு அளவுக்கு அடம் பிடிக்காது.

லிட்டர் லிட்டர் என்கிறார்களே, பலகையில் என்ன ஊற்றி வைத்திருக்கிறார்கள்?

ஒன்றும் ஊற்றவில்லை. பலகை முழுக்க மூழ்கினால் எத்தனை லிட்டர் தண்ணீரை விலக்கும் என்பதுதான் அந்த எண். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் ஒரு கிலோ, கடல்நீர் சற்றே கூடுதல். எனவே 48 லிட்டர் பலகை, தன் எடை போக, ஏறக்குறைய 45 கிலோவைத் தண்ணீருக்கு மேலே தாங்கும்.

"நான் 72 கிலோ, அப்போ மூழ்கிடுவேனே?" என்று கேட்பீர்கள். அசையாமல் நின்றால் மூழ்கத்தான் செய்வீர்கள். படுத்துக் கையாலேயே துடுப்புப் போடும்போது உடம்பில் பாதி தண்ணீரிலேயே கிடக்கிறது, அந்தப் பாதி தானே மிதக்கும். பலகை சுமப்பது மேலே தூக்கிய நெஞ்சையும் தலையையும்தான். அலையில் ஓடத் தொடங்கிவிட்டால் வேகமே பலகையைத் தூக்கிவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் நாலு துள்ளு துள்ளிப் போகிறதே, அந்தச் சங்கதிதான். வேகம் குறைந்ததும் சில்லு மூழ்குகிறது. சவசவ அலையில் வேகம் எப்போதும் பற்றாக்குறை. அதனால்தான் இங்கே லிட்டர் தாராளமாக வேண்டும்.

கணக்கு வேண்டுமானால் இப்படி வையுங்கள்: முதன்முதலாகக் கற்றுக்கொள்பவருக்குத் தன் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர், அல்லது கொஞ்சம் மேலே. நின்று, பக்கவாட்டில் ஓடத் தெரிந்தவருக்கு எடையில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கும் கீழே இறங்குவது வாரம் நாலு நாள் கடலில் கிடப்பவர்களுக்கு. ஆபீஸ் போகிறவர், வீட்டுச் சாப்பாட்டில் வயிறு வைத்தவர், நாற்பது தாண்டியவர் எல்லாரும் ஐந்து லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இதில் வெட்கமே வேண்டாம்.

வீடியோவில் எல்லாரும் கூர்மூக்குச் சின்னப் பலகையில்தானே பறக்கிறார்கள்?

நானும் அதைப் பார்த்துத்தான் கெட்டேன். சென்னையில் ஒருவர் விற்ற பழைய ஷார்ட்போர்டு, 6 அடி நீளம், பதினெட்டே முக்கால் அங்குல அகலம், 27 லிட்டர். வெள்ளைவெளேரென்று அழகாக இருந்தது. "நீங்க நல்லா நீஞ்சுவீங்கல்ல, ஈஸியா வந்துடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

உவரிப் பக்கம் ஒரு வருஷம் முழுக்க அதில் கிடந்தேன். படுத்தால் கழுத்துவரை தண்ணீர். கை வலிக்க வலிக்கத் துடுப்புப் போட்டால், அலை எனக்கடியில் நுழைந்து என்னை விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு நாள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து விழுந்ததும், பலகையைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலால் நடுவில் ஒரு சுண்டு சுண்டினார். "ஏ தம்பி, மரம்னா ஆளத் தாங்கணும். இங்க நீயில்லா மரத்தத் தாங்குத!" என்றார். கட்டுமரத்தில் அலை தாண்டிப் போய், அதே அலையில் ஏறிக் கரைக்கு வந்து ஆயுள் கழித்த மனிதர். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எந்த வீடியோவும் சொல்லித்தராதது.

சர்ஃபிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தது டோக்கியோவில், 2021 ஜூலையில். போட்டி நடந்த சுரிகசாகி கடற்கரையில் அலை சின்னது என்று முன்பே பேச்சிருந்தது, நல்லவேளையாகப் புயல் ஒன்று அலையைக் கிளப்பிவிட்டது. சின்ன அலையிலும் குட்டிப் பலகையை ஓட்ட அவர்களால் முடியும். காலால் மிதித்து மிதித்து வேகத்தை அவர்களே உண்டாக்குகிறார்கள். நமக்கு அந்தக் கால் வர இன்னும் நாள் இருக்கிறது.

ஃபிஷ் போர்டு பற்றி என்ன சொல்கிறீர்கள்?

ஆசைப்பட்டால் தப்பில்லை. 1967-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்பவர் முழங்கால் போட்டு ஓட்டுவதற்காகச் செய்த குட்டைப் பலகையிலிருந்து வந்த வடிவம் இது. குட்டை, அகலம், தட்டை, மீன்வால் மாதிரி பிளந்த வால், இரண்டே ஃபின். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் சவசவ அலையில் இதைப்போல வேகமாகப் பாய்வது வேறில்லை. வால் அகலமாக இருப்பதால் அலை தொய்ந்த இடத்திலும் தூக்கிக்கொடுக்கும்.

சிக்கல் 'ஓடத் தொடங்கிவிட்டால்' என்பதில்தான். நீளம் குறைவு என்பதால் அலையைச் சீக்கிரம் பிடிக்க முடியாது. எழுந்து நிற்பதும் சுருக்காக நடக்கவேண்டும். பத்து அலைக்கு ஏழு பிடித்துப் பக்கவாட்டில் ஓடத் தெரிந்தால் ஃபிஷ் வாங்குங்கள், 5 அடி 10 அங்குலம், 21 அங்குல அகலம், 35 லிட்டர் போல. அது தெரியும்வரை கடன் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

9 அடி லாங்போர்டு?

அலை பிடிப்பதில் அதற்கு ஈடில்லை, முழங்கால் உயரத்திலும் ஓடும். மணப்பாட்டிலேயே வீடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்கச் சொல்வேன். பாளையங்கோட்டை மாடிவீட்டுக்காரருக்கு 9 அடி தினமும் தலைவலி.

கடையில் போய் எதைப் பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதே.

முதலில் ராக்கர், அதாவது மூக்கிலிருந்து வால்வரை அடிப்பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. பலகையைக் குப்புறப் போட்டு, ஆசாரி வைத்திருப்பாரே, அந்த மாதிரி நேரான ரீப்பர் கட்டை ஒன்றை நடுக்கோட்டில் வையுங்கள். மூக்குப் பக்கம் கட்டைக்கும் பலகைக்கும் இடையே எவ்வளவு சந்து என்று பாருங்கள். ஷார்ட்போர்டில் 5 அங்குலம் வரை இருக்கும். நமக்கு 4 அங்குலத்தைச் சுற்றி இருந்தால் போதும். வளைவு அதிகமானால் பலகை தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு போகும், சறுக்காது. அதற்காக மொட்டைத் தட்டையும் வேண்டாம். கரைமேலேயே மடார் மடார் என்று விழும் இடங்களில் மூக்கு குத்தி ஆளைக் கவிழ்த்துவிடும்.

அடுத்து, கனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மிட்-லெங்த்தில் நெஞ்சு வரும் இடத்தில் தசைப்பிடிப்பாக இருக்கவேண்டும். பிறகு ஓரம். கையால் பிடித்துப் பார்த்தால் முன்பக்கம் வாழைத்தண்டு மாதிரி உருண்டு, வால் பக்கம் வரவர விளிம்பு தட்டுப்படவேண்டும். முழுக்க உருண்டையாக இருந்தால் வாலில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு விடாது.

பெயின்ட், டிசைன், சுறாமீன் படம் எதையும் பார்க்காதீர்கள்.

ஃபின் எத்தனை?

மீனுக்குச் செட்டை எப்படியோ பலகைக்கு ஃபின் அப்படி. 1981-இல் சைமன் ஆண்டர்சன் என்ற சர்ஃபர் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியை மூன்று ஃபின் வைத்து வென்றார், அதிலிருந்து உலகம் முழுக்க மூன்றுதான் வழக்கம். சவசவ அலையில் மூன்றும் ஒரே அளவாக இருந்தால் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிற மாதிரி இருக்கும். நடுவில் 7 அங்குலம், பக்கத்தில் சின்னது இரண்டு என்பது மிட்-லெங்த்துக்குப் பொருந்தும். அலை ரொம்பச் சின்னதாக இருக்கும் நாளில் பக்க ஃபின்களைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், வேறே பலகை மாதிரி இருக்கும். கழற்றும் வகை ஃபினாக வாங்குங்கள், பஸ்ஸில் கொண்டு வரும்போது வாழ்த்துவீர்கள்.

பி.யூ. நுரையா, இ.பி.எஸ். நுரையா?

இரண்டும் உள்ளே இருக்கும் நுரையின் பெயர். பி.யூ. என்பது பாலியூரித்தேன், மேலே பாலியெஸ்டர் ரெசின் பூசுவார்கள். இ.பி.எஸ். என்பது நம்ம தெர்மாக்கோல் சாதிதான், மேலே எப்பாக்ஸி ரெசின். இ.பி.எஸ். எடை குறைவு, நல்ல மிதப்பு, சவசவ அலைக்கு ஏற்றது. ஆடிக்காற்றில் தண்ணீர் சிலிர்த்துக் கிடக்கும்போது கார்க் மாதிரி தத்தும், அதுதான் குறை. பி.யூ. கொஞ்சம் கனமாகப் படிந்து ஓடும்.

நம் கடற்கரையில் இதைவிடப் பெரிய விஷயம் ரிப்பேர். ஃபைபர் படகு ஒட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கைவேலை சுத்தம். அதை நம்பித்தான் என் இ.பி.எஸ். பலகையில் ஐந்து ரூபாய்க் காசளவு ஓட்டை விழுந்தபோது ஒருவரிடம் கொடுத்தேன். அவர் படகுக்குப் பூசும் ரெசினைக் கலந்து, ஃபைபர் மேட்டை வெட்டி வைத்து, பிரஷ்ஷால் ஊற்றினார். இரண்டு நிமிஷத்தில் ஓட்டைக்குள் 'சுர்'ரென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் நுரை உருகி உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. காசளவு ஓட்டை கஞ்சிக் கிண்ணம் அளவு குழியாகிவிட்டது. அவரும் பதறிப்போய்விட்டார், பாவம். தப்பு என்னுடையதுதான். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாக்கோலைக் கரைத்துவிடும், பெட்ரோல் கரைப்பது போல. இ.பி.எஸ். பலகைக்கு எப்பாக்ஸி மட்டும்தான். சொல்லிக் கொடுங்கள், முடிந்தால் எப்பாக்ஸியை நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பி.யூ. பலகை என்றால் அதே ஆள் அரைமணியில் படகை ஒட்டுகிற மாதிரி ஒட்டித் தந்துவிடுவார். என்னைக் கேட்டால், ரிப்பேர் தெரியாதவர்கள் பி.யூ. வாங்குவதே நிம்மதி.

சாஃப்ட் டாப் வாங்கினால் கௌரவக் குறைச்சலா?

இல்லை. மேலே மெத்தென்று ஸ்பாஞ்ச் ஒட்டிய 8 அடிப் பலகை முதல் வருஷத்துக்கு எதையும்விட நல்லது. தலையில் பட்டாலும் தையல் போடவேண்டி வராது. பிறகு தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடலாம்.

பழையது வாங்கினால் என்ன பார்க்கவேண்டும்?

இரண்டு பெருவிரலாலும் மேல்பக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்காவது அப்பளம் மாதிரி பொம்மிக் கிடந்து அமுங்கினால் மேல்தோல் நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது, வேண்டாம். குதிகால் பள்ளங்கள் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. ஃபின் செருகும் பெட்டியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, நடுவில் குறுக்குக் கோடு ஓடுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது. விற்பவர் "புது பெயின்ட் அடிச்சிருக்கேன்" என்றால் இன்னும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சென்னையிலிருந்து எப்படிக் கொண்டு வருவது?

கோவளம், மகாபலிபுரம் பக்கம்தான் பலகை கிடைக்கும். ரயில் பார்சலில் போடுவதானால் பழைய ஜமுக்காளம், அதன்மேல் அட்டை, மூக்குக்கும் வாலுக்கும் கிழிந்த தலையணை. பஸ்ஸில் எல்லாம் கண்டக்டர் மனசு. லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசி சீட்டுப் பக்கம் நிறுத்தவிட்டவர்களும் உண்டு, "கட்டில் கால எல்லாம் ஏத்த முடியாது, எறங்குவே" என்று சொன்னவர்களும் உண்டு.

ஊருக்குள் பைக்கில் போக, வெல்டிங் பட்டறையில் சொல்லி, பலகையை மாட்ட ஒரு சைடு ஸ்டாண்டு அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஆனி ஆடியில் பணகுடி, காவல்கிணறு வழியாகப் போகாதீர்கள். அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. அந்தக் காற்றில் பைக்கில் கட்டிய 7 அடிப் பலகை பாய்மரம்தான். நான் ஒருமுறை ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்றேன்.

வெயிலில் வைக்கலாமா?

கூடவே கூடாது. பூட்டிய காருக்குள் மத்தியானம் வைத்தால் இ.பி.எஸ். பலகை உள்ளே காற்று விரிந்து தோல் பிரிந்துவிடும். பனைமர நிழல் போதாது, நிழல் நகர்ந்துவிடும். ஈரச் சாக்கைப் போர்த்துங்கள்.

மெழுகுவர்த்தி தேய்த்தால் போதாதா?

வழுக்கும். வெந்நீர்க் கடலுக்கென்று 'டிராப்பிக்கல்' மெழுகு தனியாக விற்கிறது, கெட்டியானது. நம் கடல் வருஷம் முழுக்க வெதுவெதுப்பு என்பதால் அது மட்டும்தான் நிற்கும். கால் கயிறு, லீஷ் என்பார்கள், பலகை நீளத்துக்குச் சமமாக வாங்குங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை நன்றாக வரும். அப்போது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று நமக்கு நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதால் அலை முகம் வழவழவென்று இருக்கும். ஆனால் அதே காற்று, மிதப்பான பலகையில் ஓய்ந்து கிடக்கும் ஆளைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். விடியற்காலையில் இறங்கி, காற்று ஏறும் முன் வெளியே வந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் கரைப்பக்கம் அடிக்கும், அது சுத்த சவசவ காலம். தை, மாசியில் கடல் பெரும்பாலும் குளம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் பிடித்த நேரம். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் அன்று கடலுக்குப் போகமாட்டார்கள், பூசைக்குப் போவார்கள், வள்ளங்கள் கரையில் கிடக்கும். மற்ற நாளில் படகு வந்து ஏறும் வழியிலும், கரைவலை இழுக்கும் இடத்திலும் நிற்கவே கூடாது. இறங்கும் முன் யாரிடமாவது "அண்ணாச்சி, நீவாடு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். நீவாடு என்றால் நீரோட்டம். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டி இழுப்பு அதிகம். கூடங்குளம் அணுமின் நிலையப் பக்கம் கடலில் இறங்குவதை மறந்துவிடுங்கள்.

கள்ளக்கடல் என்கிறார்களே?

தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று ஏறுவது. பெரும்பாலும் ஏப்ரல், மே. 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படியான நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, செய்தியிலும் வரும். எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்தப் பலகையும் சரியான பலகை இல்லை.

தாமிரபரணியில் நன்றாக நீந்துவேன். போதுமா?

கை வலு இருக்கிறது என்று அர்த்தம். கடலில் அது பாதி. ஆறு ஒரு பக்கமாக இழுக்கும், கடல் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். முதல் பத்து நாள் தெரிந்த ஆளோடு, இடுப்பளவு தண்ணீரில்.

என் மகளுக்கு 12 வயது, 38 கிலோ. அவளும் கேட்கிறாள்.

6 அடி 6 அங்குலத்திலிருந்து 7 அடிக்குள் சாஃப்ட் டாப். பெரியவர்கள் பலகை அவளுக்கு அகலம் அதிகம், கையை இரண்டு பக்கமும் போட்டுத் துடுப்புப் போட எட்டாது. வாங்கும்போது அவளையே கூட்டிப்போய்த் தரையில் பலகைமேல் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு முழங்கையும் ஓரத்தைத் தாண்டித் தாராளமாக இறங்கினால் சரி. அக்குளில் பலகை இடித்தால் ஓர் அளவு குறையுங்கள். பலகையின் நிறத்தை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும்.